சத்தமில்லாத பின் ஹப்பும் கௌரி ரீச்சரின் வலது காதும்

வெளிநாட்டில் இருந்து வரும் றேஸ் சைக்கிள்கள் இப்போது தீவுப்பகுதி வரைக்கும் வந்துவிட்டன. அதனால் என் காலத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைப் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் அடிக்கடி கேட்பார்கள். "பின் ஹப் கனக்கச் சத்தம் போடுது, சத்தமில்லாத ஒண்டு பாத்துப் போட்டுத் தருவீங்களோ?" எது பாரம் குறைவு, எதற்கு எத்தனை பல், எந்தச் சக்கரத்துக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கைப்போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். நான் சொல்ல வருவது அதில் வராத விடயம். கடையை மூடுவதற்கு முந்திய வருடம் ஒருவருக்குப் பின் சக்கரத்தின் நடுக் குடமாக, சத்தமில்லாத ஹப் ஒன்று தேடிப் போட்டேன். அதனால் கடைசியில் என் கைக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. அதை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

என்னுடைய கடை ஊர்காவற்றுறையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்தது. கடையின் முன்பக்கத்தில் நின்றால் காரைநகர்ப் பக்கம் போகிற படகுகள் தெரியும். வந்ததெல்லாம் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களும் மீன் பெட்டி கட்டுகிற சைக்கிள்களும்தான். அதற்கிடையில் ஒரு பின்னேரம் கௌரி ரீச்சர் ஒரு கறுப்புக் கார்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். உருட்டும்போதே பின் சக்கரம் 'கிர்ர்ர்' என்று சத்தம் போட்டது. வீதியால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரீச்சரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுப் பாடம் எடுப்பவர், புளியங்கூடல்காரி. காணி பூமி உள்ள குடும்பம். துறைமுகத்தடியில் கடல்தொழில் செய்கிற யூட்டை விரும்பிக் கலியாணம் செய்தவர். அந்தக் கலியாணத்துக்குப் பிறகு பிரான்சில் இருக்கிற ஒரே அண்ணன் பல வருடங்களாக அவருடன் கதைக்கவில்லை. ஒரு நாள் திடீரென்று போன் எடுத்தார். பிறகு இந்தச் சைக்கிளை அனுப்பினார். அண்ணனும் தங்கையும் மறுபடி ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கியது இந்தச் சைக்கிளால்தான். ஆனால் யூட்டுடன் அண்ணன் அப்போதும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. போன் வந்தால் யூட் எழும்பி வெளியே போய்விடுவாராம்.

"அண்ணை, இந்தச் சத்தத்தை நிப்பாட்டித் தாங்கோ" என்றார் ரீச்சர்.

"ஏன் ரீச்சர், இந்தச் சத்தத்துக்காகவே காசு குடுத்து வாங்கிற ஆக்கள் இருக்கினம்."

"என்ரை அண்ணையும் அதைத்தான் சொல்லுறார். அது அவரின்ரை ஆசை. எனக்கு வேண்டாம்."

பின்னால் நின்ற யூட் குறுக்கிட்டார். "சத்தம் இருந்தா நல்லதுதானே அண்ணை. றோட்டிலை நாய், மாடு எல்லாம் விலகும். ஏன் வீணா மாத்துவான்?" ரீச்சர் திரும்பி அவரைப் பார்த்த பிறகு, "அப்பிடி வேணுமெண்டால் உள்ளுக்கை கிறீஸை அடைஞ்சு விடுங்கோவன். சத்தம் நிண்டிடும்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கிறீஸ் அடைக்கிற யோசனையை உங்களிடமும் சொல்லுவார்கள். பின் ஹப்புக்குள்ளே சின்னச் சின்ன நாக்குகள் இருக்கின்றன. நாங்கள் பெடலை உழக்கும்போது அவை பல்லில் கொழுவிச் சக்கரத்தைத் தள்ளும். உழக்காமல் விட்டால் பல்லின்மேல் தாவித் தாவி ஓடும். அந்தத் தாவல்தான் சத்தம். தடித்த கிறீஸை அடைத்தால் நாக்கு மெதுவாக எழும்பும், சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு நாள் அது எழும்பாமலே விட்டுவிடும். வேலணையில் ஒரு பெடியன் யாரோ சொன்னதைக் கேட்டுத் தானே கிறீஸ் அடைத்தான். பஸ்ஸை முந்துகிற அவசரத்தில் எழும்பி நின்று உழக்கினான். பெடல் ஒன்றிலும் கொழுவாமல் வெறுமனே கீழே போனது. முன்பல் இரண்டும் ஹாண்டிலில் அடிபட்டுப் போய்விட்டன. பஸ்ஸுக்கு அடியில் விழாதது அவன் தாய் செய்த புண்ணியம். சத்தத்தை அமுக்குவதும் சத்தமில்லாத ஒன்றைத் தெரிந்தெடுப்பதும் ஒரே வேலை இல்லை. அதை யூட்டுக்கும் சொன்னேன்.

எந்த ஹப்பைத் தெரிந்தெடுப்பது என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கொழும்பில் உதிரிப்பாகம் அனுப்புகிற இடத்தில் ஒரு பிள்ளை வேலை செய்தாள். சொந்த ஊர் வவுனியாப் பக்கம். முகத்தைப் பார்த்ததே இல்லை, போனில் மட்டும்தான் பழக்கம். என்னைவிட இருபது வயதாவது இளையவள். தொழிலில் எனக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்லுவேன். அன்றைக்கு நான் போன் எடுத்து, "சத்தமில்லாத பின் ஹப் ஒண்டு வேணும் பிள்ளை" என்று சொன்னதும் அவள் விலை சொல்லவில்லை.

"ஐயா, அவவுக்கு ஏன் சத்தம் வேண்டாமாம்?"

"தெரியாது பிள்ளை. நான் கேக்கேல்லை."

"கேட்டுப்போட்டுப் போன் எடுங்கோ. நாய் துரத்துது எண்டா ஒரு ஹப். வீட்டுக்காரர் எழும்பீனம் எண்டா இன்னொண்டு. சும்மா பிடிக்கேல்லை எண்டா ஒண்டும் வேண்டாம்."

மறுநாள் ரீச்சரிடம் கேட்டேன். அவர் தலைமயிரை ஒதுக்கி இடது காதைக் காட்டினார். பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. சின்ன வயதில், சண்டைக் காலத்தில், பக்கத்தில் செல் குண்டு விழுந்ததில் அந்தக் காது முற்றாகப் போய்விட்டதாம். வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

"வலது காதாலைதான் எல்லாம் கேக்கிறனான் அண்ணை. பண்ணைப் பாலத்திலை சோளகக் காத்து அடிக்கேக்கை, உழக்காமல் விட்டா இந்த 'கிர்ர்' மட்டும்தான் காதுக்குள்ளை. பின்னாலை வாற பஸ் எனக்குக் கேக்கிறேல்லை. போன கிழமை ஒண்டு உரசிக்கொண்டு போனது. அது முன்னுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்."

யாழ்ப்பாணம் போகிற அந்தப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். அந்த வீதியில் அவர் ஒரு காதுடன்தான் போய் வந்திருக்கிறார். இதைக் கேட்காமல் ஹப்பை மாற்றியிருந்தால் நான் வெறும் விற்பனைக்காரன்தான்.

கொழும்புப் பிள்ளையிடம் திரும்பச் சொன்னேன். கொஞ்சமும் சத்தமே போடாத வகை ஒன்று இருக்கிறது, உருளைகள் இறுகிப் பிடிக்கிற மாதிரி, நாக்கும் இல்லை, பல்லும் இல்லை என்றாள். நான் அதற்கு ஆசைப்பட்டேன். அவள் விடவில்லை. "ஐயா, உங்கடை பக்கம் உப்புக் காத்து. அதுக்குள்ளை துரு ஏறினா நீங்கள் திறப்பீங்களோ? திறந்தாலும் உள்ளுக்கை போட ஒண்டும் இஞ்சையும் இல்லை. கொஞ்சம் சத்தம் இருந்தாலும் உங்கடை கையாலை கழட்டிப் பூட்டக்கூடியதை எடுங்கோ." கடைசியில் நாக்குகளுக்கு மெல்லிய வில் உள்ளதும், ஓரங்களில் நல்ல ரப்பர் மூடி உள்ளதுமான ஒன்றை எடுத்தோம். ரீச்சரின் பழைய றிம்மில் இருந்த துளைகளுக்கும் அது சரியாக வந்தது. கம்பி கோத்து, சக்கரம் நேராக்கி, சுற்றிவிட்டுக் காதை வைத்துப் பார்த்தேன். துணியில் விரலால் உரசுகிற அளவுக்குத்தான் சத்தம்.

அது போட்டிக்கு இரண்டு நாளுக்கு முந்தி. மாகாண அணிக்கு ஆள் எடுக்கிற வீதிச் சைக்கிள் ஓட்டப் போட்டி. ரீச்சருக்கு முப்பத்தாறு வயது. அந்த வயதில் தெரிவாகக்கூடிய கடைசி வாய்ப்பு அதுதான் என்று அவரே சொல்லியிருந்தார். ஓடிப் பழகட்டும் என்று சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

போட்டிக்கு முந்திய நாள் மத்தியானம் திரும்பி வந்தார். சிரிப்பு இல்லை. யூட்டும் கூட வந்தார்.

"அண்ணை, வேறை ஒரு சத்தம் கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. கட்டிய சக்கரம் என்னுடையது. "என்ன மாதிரி?"

"டிக் எண்டு. இடைக்கிடை. உழக்காமல் விட்டுப் பிறேக்கைப் பிடிச்சா. குழியிலை விழுந்தாலும். எங்கையிருந்து எண்டு எனக்குச் சொல்ல ஏலாது அண்ணை. ஒரு காது எண்டா பக்கம் தெரியாது. ஆனா இருக்கு."

பின் சக்கரத்தைக் கழற்றினேன். கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தேன். ஹப்பைத் திறந்து மூடினேன். பெடல், சீற், போத்தல் கூடு எல்லாம் பார்த்தேன். நானே ஏறித் துறைமுகம் வரைக்கும் ஓடிப் போய் வந்தேன். ஒரு டிக்கும் இல்லை. யூட்டும் ஓடினார். வந்து இறங்கி, "ஒண்டும் இல்லை. புதுச் சக்கரம் இருந்து பழகிற சத்தம். விடுங்கோ அண்ணை, விடிஞ்சா போட்டி" என்றார்.

இரண்டு காதும் நன்றாக உள்ள இரண்டு ஆம்பிளைகள் இல்லை என்கிறோம். ஒரு காது உள்ள பெண்பிள்ளை இருக்கிறது என்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், சைக்கிளைக் கொடுத்தனுப்பத்தான் எனக்கு மனம் வந்தது. நாளைக்குப் போட்டி. நெஞ்சு படபடப்பில் ஆட்களுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கும், நான் எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ரீச்சர் படபடக்கவில்லை. பஸ் வருகிறதா இல்லையா என்று ஒரு காதை நம்பிப் பாலம் கடக்கிற ஆள். கேட்பதுதான் அவருக்கு உயிர். நான் பொழுதுபோக்காகக் கேட்கிறவன். யாரை நம்புவது என்று அப்போது எனக்கு ஒரு தெளிவு வந்தது.

"ரீச்சர், இதிலை வந்து நில்லுங்கோ. நான் முன் பிறேக்கைப் பிடிச்சு ஆட்டுறன். கேட்டா கையைத் தூக்குங்கோ."

அவர் வலது காதைச் சைக்கிள் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினேன். கை தூக்கினார். திரும்ப ஆட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பாரம் கொடுத்து ஆட்டினேன். கை தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்போது இடது கையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். சக்கர அச்சு, பிறேக், பிறேமின் முன்குழாய் என்று மேலே மேலே வந்தேன். ஹாண்டிலைக் கவ்விப் பிடிக்கிற கழுத்துக்குக் கீழே விரலை வைத்தபோது ரீச்சர் கை தூக்கினார். அதே நேரம் என் விரலுக்கு அடியில் ஏதோ நொறுநொறுத்தது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி, அவ்வளவு சின்னதாக.

அந்த இடத்தில்தான் போர்க்கின் தண்டு நிற்கிறது. போர்க் என்றால் முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை; அதன் தண்டு பிறேமின் முன்குழாய்க்குள்ளால் மேலே ஏறி ஹாண்டிலைத் தாங்கும். கார்பனால் ஆனது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"இதைக் கழட்டிப் பாக்கவேணும்" என்றேன்.

"வேண்டாம்."

அதைச் சொன்னது யூட். சத்தமாகச் சொன்னார். கடை வாசலில் நின்ற ஆள் ஒரு அடி உள்ளே வந்தார். "அதைக் கழட்ட வேண்டாம் அண்ணை. இனிக் கழட்டிப் பூட்டி எப்ப சரிவாறது? நாளைக்கு அவ ஓடவேணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கழற்றி ஒன்றும் இல்லை என்றால், அவசரத்தில் பூட்டி ஏதும் பிழைத்தால், ரீச்சரின் போட்டியை என் சந்தேகம் தின்றுவிடும். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. மனைவியின் சைக்கிளில் சத்தம் என்றால் ஒருவர் என்ன சொல்லுவார்? பாருங்கோ அண்ணை என்பார். இவர் பார்க்க வேண்டாம் என்கிறார். ஹப்பை மாற்ற வேண்டாம் என்றவரும் இவர்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் அமைதியாகச் சொன்னார். "கழட்டுங்கோ அண்ணை."

சைக்கிளைத் தூக்கித் தாங்கியில் மாட்டினேன். முன் பிறேக் வயரை விடுவித்து, முன் சக்கரத்தைக் கழற்றி வைத்தேன். மேல் மூடியின் ஆணியைக் கழற்றினேன். அடுத்து கழுத்துப் பகுதியின் பக்க ஆணிகளைத் தளர்த்த வேண்டும். அதற்கு முதல், ஆடாமல் இருக்க ஹாண்டிலில் இடது கையை வைத்தேன். நான் இழுக்கவில்லை. கையை வைத்ததுதான்.

ஹாண்டில் என் கையோடு வந்துவிட்டது.

போர்க், முன்குழாய்க்குள்ளால் கீழே வழுக்கிச் சீமெந்து நிலத்தில் விழுந்து உருண்டது. என் கையில் ஹாண்டில், அதைக் கவ்விய கழுத்து, கழுத்துக்குள்ளே பெருவிரல் நீளத்துக்குத் தண்டின் ஒரு துண்டு. மிச்சம் நிலத்தில். நான் கையை விட்டுவிட்டேன். ஹாண்டில் மிச்ச வயர்களில் தொங்கி ஆடியது.

நாற்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தவன் நான். உடைந்த பிறேம், நெளிந்த சக்கரம், லொறி ஏறிய சைக்கிள் எல்லாம் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் உடைந்த பிறகு வந்தவை. இது ஒரு மணித்தியாலத்துக்கு முதல் நான் ஏறி ஓடிய சைக்கிள். பக்கத்தில் இருந்த முக்காலியில் இருந்தேன். கையில் இருந்த அலன் சாவி விழுந்தது, எடுக்கக் குனிய முடியவில்லை. வெளியே படகு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் உடைந்த இடத்தைப் பார்க்கத் துணிவு வந்தது. முறிவின் பெரும்பகுதி கறுத்து அழுக்கேறிக் கிடந்தது. அப்படியென்றால் அது அன்றைக்கு உடைந்ததல்ல, மாதக்கணக்காக உடைந்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், ஒரு நகத்தளவு இடம், புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த நகத்தளவுதான் ரீச்சரைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ரீச்சர் குனிந்து போர்க்கை எடுத்தார். அந்த மினுங்கல் இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதோடையோ அண்ணை நான் நேற்றுப் பாலத்தாலை வந்தனான்?"

ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதுதான் யூட் நிலத்தில் குந்தினார். சுவரில் முதுகு உரசிக்கொண்டு கீழே போனார். அவர் வாயிலிருந்து வந்தது அழுகையா கதையா என்று முதலில் விளங்கவில்லை.

சில மாதங்களுக்கு முதல் காரைநகரில் ஒரு விளையாட்டு விழா. ரீச்சர் அதில் ஓடிவிட்டுப் பள்ளிக்கூட அலுவலாக யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்ததால், யூட்தான் சைக்கிளைத் தன் படகில் ஏற்றி வந்திருக்கிறார். இங்கே துறையில் கட்டுகிற நேரம் அலை எழும்பிப் படகு சுவரில் மோதியது. படகின் விளிம்புக்கும் சீமெந்துச் சுவருக்கும் நடுவில் ஹாண்டில் அகப்பட்டுத் திருகிவிட்டது.

"இழுத்து நேராக்கினனான் அண்ணை. சுத்திச் சுத்திப் பாத்தனான். ஒரு கீறல் இல்லை. உருட்டிக்கொண்டு வரேக்கை ஒருக்கால் டிக் எண்டது. பிறகு பின்சில்லின்ரை சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை. கேக்காததாலை சரியாப் போச்சு எண்டு நினைச்சனான்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று ரீச்சர் கேட்டார்.

"உன்ரை அண்ணை எத்தினை வருசத்துக்குப் பிறகு அனுப்பினது. என்னட்டைக் குடுத்து ஒரு நாளிலை நான் உடைச்சுப்போட்டன் எண்டு அவருக்குத் தெரிஞ்சா? நான் எதுக்கும் உதவாதவன் எண்டுதானே அவர் முதலே சொன்னவர்."

"நான் செத்திருந்தா அவருக்கு என்ன சொல்லியிருப்பீங்கள்?"

கத்தவில்லை. பிள்ளையிடம் வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரித்தான் கேட்டார். யூட் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் எழும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அவர்களுக்கும் கொண்டுவந்தேன். ரீச்சர் வாங்கினார். யூட் வாங்கவில்லை.

நான் யூட்டைக் கெட்டவன் என்று உங்களுக்குக் காட்டவில்லை. கடலில் அவர் எவ்வளவு கவனமான ஆள் என்று துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஒவ்வொரு விடியப்புறமும் எழும்பி ரீச்சரின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்து வழியனுப்பியவரும் அவர்தான். ஒன்றை ஒளித்தவர் அது இல்லை என்று தன்னையே நம்ப வைத்துவிடுவார். சைக்கிளோடு கடைக்கு வருகிற ஆட்களில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். விழுத்தினதைச் சொல்லாத மகன், மோதினதைச் சொல்லாத தம்பி. ஆகவே சைக்கிளைப் பார்க்கிற நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களையும் பாருங்கள். எதைத் திறக்க வேண்டாம் என்று ஒருவர் அந்தரப்படுகிறாரோ அதை முதலில் திறவுங்கள். திட்டுவதற்கு இல்லை. உயிர் அங்கேதான் இருக்கக்கூடும்.

அந்த நேரம் பார்த்து ரீச்சரின் போன் அடித்தது. பிரான்சில் இருந்து அண்ணன். போட்டிக்கு வாழ்த்துச் சொல்ல எடுத்திருக்கிறார். யூட் பழக்கத்தில் எழும்பி வெளியே போகப் பார்த்தார். ரீச்சர் போனை அவரிடம் நீட்டினார்.

"நீங்கள் கதையுங்கோ."

யூட் போனை வாங்கினார். ரீச்சர் ஸ்பீக்கர் பட்டனை அமத்திவிட்டதால் கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது. "தங்கச்சி" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது.

"நான் யூட் கதைக்கிறன்."

போன் அறுந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். பிறகு, "அவ எங்கை? அவவுக்கு என்ன?" என்று குரல் பதறியது.

"இஞ்சை நிக்கிறா. ஒண்டும் இல்லை அவவுக்கு." யூட் மூச்சை இழுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். படகு, சுவர், நேராக்கியது, டிக் சத்தம், ஹாண்டில் என் கையோடு வந்தது, நகத்தளவு ஒட்டியிருந்தது, ஒன்றும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சொல்லி முடித்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடி விழப்போகிறது என்று நிற்பது மாதிரி.

அந்தப் பக்கம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "சைக்கிள் போகட்டும். அவளிட்டைச் சொல்லாமல் விட்டதை நான் லேசிலை மறக்க மாட்டன், யூட்."

"ஓம்" என்றார் யூட்.

"ஆனா இப்ப நீர் எனக்குச் சொன்னனீர். அதையும் மறக்க மாட்டன்." பிறகு, "புது போர்க் எது போடவேணும் எண்டு அந்த அண்ணையிட்டைக் கேட்டு எனக்குச் சொல்லும். நீரே எடுத்துச் சொல்லும்" என்றார்.

அண்ணன் யூட்டின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று ரீச்சர் பிறகு என்னிடம் சொன்னார்.

ரீச்சர் மறுநாள் ஓடவில்லை. வேறு சைக்கிள் ஒன்று இரவல் எடுத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். "இண்டைக்கு என்ரை கை நடுங்குது அண்ணை. நாளைக்கும் நடுங்கும்." மாகாண அணிக்கான வாய்ப்பு அதோடு போய்விட்டது. அது திரும்பி வரவும் இல்லை. போட்டி நடந்த வழியில், மண்கும்பானடியில் வீதியோரம் நின்று தன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிப் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். யூட்டுடன் சில நாட்கள் பேசவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பேசாததில் பிழையில்லை.

எனக்கும் அந்தக் கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. எந்த ஹாண்டிலில் கை வைத்தாலும் கழன்று வந்துவிடும் என்று ஒரு பயம். கொழும்புப் பிள்ளைக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஐயா, பழைய ஹப்பே இருந்திருந்தா?" என்று கேட்டாள். அந்தப் பழைய ஹப்பில் ஒரு குறையும் இல்லை, நல்ல சாமான். ஆனால் அதன் சத்தம் பின்னால் வந்த பஸ்ஸையும் மறைத்தது, முன்னால் முறிந்துகொண்டிருந்த தண்டையும் மறைத்தது. சத்தமில்லாத ஹப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று இனி நினைக்காதீர்கள். அதுவரை மூடுண்டு கிடந்த சத்தங்கள் அப்போதுதான் வெளியே வரும். ஓடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வந்து ஏதும் சொன்னால், உங்களுக்குக் கேட்காவிட்டாலும் நம்புங்கள்.

போர்க் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. யூட்தான் அண்ணனுடன் கதைத்துக் கதைத்து எடுப்பித்தார். எந்த நீளம், எந்தத் தடிப்பு என்று என்னிடம் வந்து கேட்டு, அங்கே சொல்லி, மறுபடி வந்து கேட்டு. பூட்டி முடித்த அன்றைக்கு இருவரும் வந்தார்கள். நான் சைக்கிளை ரீச்சரிடம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை, யூட்டைப் பார்த்தார்.

யூட் வந்து முன் பிறேக்கைப் பிடித்தார். முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினார். குனிந்து ஹாண்டிலின் கழுத்தில் காதை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டினார். வீதிக்கு உருட்டிக்கொண்டு போய்க் குழியில் இறக்கி ஏற்றினார். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை.

"கேக்குதோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"இனிக் கேட்டா?"

யூட் சைக்கிளை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார். "அந்த இடத்திலையே சொல்லுவன்."

ரீச்சர் ஏறி உட்கார்ந்து, வலது காதை வீதிப் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, புளியங்கூடல் பக்கமாக உழக்கிக்கொண்டு போனார். யூட் அவர் திருப்பத்தில் மறையும்வரை வீதியில் நின்று பார்த்தார்.